ஸ்மாஷ், ரைவல்ஸ், ப்ரால்ஹால்லா: எதில் ஆழம் அதிகம்? கேள்வி பதில்

அண்ணா, எதிராளியை மேடைக்கு வெளியே அடித்துத் தள்ளும் சண்டை கேம்களில், ஸ்மாஷ் வரிசையின் மெலி 2001ல் வந்தது. அதே வரிசையில் 2018ல் வந்த அல்டிமேட்டில் எண்பதுக்கும் மேல் கேரக்டர்கள் இருக்கிறார்கள். பிறகும் மெலிதான் ஆழம் என்கிறார்களே, பழைய பாசமா?

பாசமும் உண்டு, ஆனால் காரணம் அது இல்லை. இந்த நிமிடம் என் கையில் எத்தனை நல்ல வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிராளியிடம் பதில் இருக்கிறதா என்பதைத்தான் நான் ஆழம் என்பேன். அந்தக் கணக்கில் மெலியின் நடமாட்டத்துக்கு ஈடு கிடையாது.

மார்த், ஃபாக்ஸ் என்ற இரண்டு கேரக்டர்கள் மோதுவதைப் பாருங்கள். ஃபாக்ஸ் குதித்து அடிக்க வருகிறது. மார்த் ஓட்டத்திலேயே திரும்பி, அடி எட்டாத தூரத்துக்குப் போய்விட்டு, ஃபாக்ஸ் தரையிறங்கியதும் பாய்ந்து பிடிக்கிறான். பக்கத்தில் மிதக்கும் மேடைகளே இல்லாத ஃபைனல் டெஸ்டினேஷன் களத்தில், வாங்கிய அடியைக் காட்டும் சதவீதம் குறைவாக இருக்கும்போது ஃபாக்ஸ் இப்படிச் சிக்கினால், மேலே எறிந்து மறுபடி மறுபடி பிடிக்கலாம். இது தெரிந்த ஃபாக்ஸ் அடிக்காமல் வெறுமனே தரையிறங்கி, வேவ்டாஷில், அதாவது குதித்த உடனே தரையை நோக்கி டாட்ஜ் (விலகல்) செய்து, பின்னால் சறுக்கும். மார்த்தின் பிடி காற்றில் போகும், அடி இவனுக்கு விழும். அடுத்த முறை யார் எதை எதிர்பார்க்கிறார்கள்? ஆட்டமே இதுதான். அல்டிமேட்டில் வேவ்டாஷ் பேருக்கு இருக்கிறது. சறுக்குவது கொஞ்சம், தாமதம் அதிகம். அதனால் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை.

எல்-கேன்சல் மாதிரி கஷ்டமான டெக்னிக்குகள்தானே மெலியின் ஆழம்?

இல்லை. எல்-கேன்சல் என்பது இவ்வளவுதான்: காற்றில் அடித்துத் தரையிறங்கும் முன் கடைசி 7 ஃபிரேமுக்குள், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு சொச்சத்துக்குள், பட்டனைத் தட்டினால் இறங்கும் தாமதம் பாதியாகும். எப்போதும் செய்ய வேண்டியதுதான், செய்யாமல் விடுவதில் லாபமே கிடையாது. அப்படியென்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? கை வேகம் வேறு, ஆழம் வேறு. புதிதாக வருபவர்கள் இதிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மெலியில் ஜெயிப்பது நாலைந்து கேரக்டர்தானே?

பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 2022ல் தி பிக் ஹவுஸ் 10 போட்டியை ஜப்பானின் ஆம்சா யோஷியை வைத்து வென்றார். அடியைத் தடுக்கும் ஷீல்டிலிருந்து யோஷியால் நேராகக் குதிக்கக்கூட முடியாது. இருபது வருடம் கழித்தும் ஒரு கேரக்டரில் புது வழி கிடைக்கிறது என்றால், அந்த கேமை இன்னும் யாரும் முடித்துவிடவில்லை.

அப்போ அல்டிமேட் மேலோட்டமா?

கிடையாது. அங்கே ஆழம் மேடை விளிம்புக்கு இடம் மாறியிருக்கிறது. மெலியில் ஒருவர் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் மற்றவர் பிடிக்க முடியாது, விழுந்து சாக வேண்டியதுதான். 2014ல் வந்த ஸ்மாஷ் 4 முதல், பின்னால் வருபவர் முதலாமவரைத் தள்ளிவிட்டுத் தொங்கலாம். அதனால் திரும்பி வருவது சுலபம், ஏறுவதுதான் பெரும்பாடு. சாதாரணமாக ஏறலாம், உருளலாம், அடித்துக்கொண்டே ஏறலாம், குதிக்கலாம், கையை விட்டுக் கீழே இறங்கி மறுபடி தாவலாம். மேலே நிற்பவர் எங்கே நின்றால் இதில் இரண்டை மறித்து, மூன்றாவதைப் பார்த்து அடிக்கலாம் என்று கணக்குப் போட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் இந்த இடத்தில் நிற்பதையே ரசித்துப் பார்க்கலாம்.

எண்பது கேரக்டர் என்பதை மட்டும் ஆழம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் பாதி மனப்பாடம்.

ப்ரால்ஹால்லா சின்னப் பசங்க கேம் என்கிறார்கள். நான் போனில் அதுதான் ஆடுகிறேன்.

தாராளமாக ஆடுங்கள். ஷீல்ட் இல்லை, பிடி இல்லை, தப்பிக்க டாட்ஜ் ஒன்றுதான். ஒருமுறை டாட்ஜ் செய்துவிட்டால் கொஞ்ச நேரம் மறுபடி முடியாது. எதிராளி எப்போது டாட்ஜை வீணாக்கினார் என்று கவனிக்கிறவர்தான் ஜெயிப்பார். பல அடித் தொடர்களில் இரண்டாம் அடிக்கு முன் தப்ப வழி உண்டு. எந்தப் பக்கம் தப்புவார் என்று ஊகித்து அங்கே போய் நிற்க வேண்டும். மெலி அளவுக்கு வழிகள் இல்லைதான், ஆனால் ஆளைப் படிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

ரைவல்ஸ் ஆஃப் ஈதர் எந்தப் பக்கம்?

மெலியின் பக்கம். 2017ல் வந்த முதல் பாகத்தில் ஷீல்ட், பிடி, விளிம்பில் தொங்குவது எதுவும் இல்லை, தற்காப்புக்கு பாரி, அதாவது அடி வரும் சரியான நொடியில் பட்டனைத் தட்டி அதைத் தடுப்பது. பாரி தவறினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். 2024ல் வந்த இரண்டாம் பாகம் மூன்றையும் சேர்த்தது. அடியை ஷீல்ட் தடுக்கும், ஷீல்டைப் பிடி வெல்லும், பிடிக்க வருபவரை அடி நிறுத்தும். இந்தச் சுற்று வந்ததால் இரண்டாவதுதான் ஆழம் என்பது என் கருத்து. முதல் பாகத்து ரசிகர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

எதில் தொடங்கலாம்?

பிசி இருந்தால் ரைவல்ஸ் 2. மெலிதான் வேண்டும் என்றால், ரசிகர்கள் உருவாக்கிய ஸ்லிப்பி என்ற மென்பொருள் வழியாக ஆன்லைனில் ஆடுங்கள். 2020ல் இணையத் தாமதத்தை மறைக்கும் ரோல்பேக் நுட்பம் வந்த பிறகு தாமதம் பெரிதாகத் தெரிவதில்லை. முதல் வாரம் எல்-கேன்சலை மறந்துவிட்டு, எதிராளியின் அடி எட்டாத தூரத்தில் நிற்கப் பழகுங்கள்.