இப்போது உரக்கவே பேசுகிறார்கள்: இனவெறி குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: முன்பு மனசுக்குள் வைத்துக்கொண்டதை இன்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இனவெறி பிடித்தவர்கள் பெருகிவிட்டார்களா?

பதில்: வெறுப்பு கூடியதா என்று பார்ப்பதற்கு முன், கூச்சம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். 2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சற்று முன்பு, டிரம்ப் வெல்லக்கூடும் என்று கருதப்பட்ட மாநிலங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். குடியேறிகளை எதிர்க்கும் அமைப்பு ஒன்றுக்கு உங்கள் சார்பில் நன்கொடை அனுப்பலாமா என்று கேட்டார்கள். பதில் ரகசியமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் எளிதாகச் சம்மதித்தார்கள். வெளியே தெரியலாம் என்று சொல்லப்பட்டவர்கள் தயங்கினார்கள். ஆனால் 'உங்கள் மாநிலத்தில் டிரம்ப் வெல்வது உறுதி' என்ற தகவலை முதலில் கொடுத்துவிட்டுக் கேட்டபோது, அந்தத் தயக்கம் மறைந்தது. ரகசியமாகப் பதில் சொன்னவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. உள்ளே இருந்த எண்ணம் அப்படியேதான் இருந்தது. 'ஊரே என் பக்கம்' என்ற தைரியம்தான் புதிதாக வந்தது. இந்த ஆய்வு 2020இல் வெளியானது.

இதன் மறுபக்கத்தை, 1991இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் பார்த்தார்கள். வளாகத்தில் நடந்த இனவெறிச் சம்பவம் பற்றி மாணவிகளிடம் கருத்துக் கேட்டார்கள். அருகில் இருந்தவர் முதலில் கடுமையாகக் கண்டித்தால், அடுத்துப் பேசுபவரும் கடுமையாகக் கண்டித்தார். அருகில் இருந்தவர் 'இதெல்லாம் சகஜம்' என்கிற மாதிரி பேசினால், அடுத்தவரின் கண்டனமும் இளைத்தது. முதலில் வாய் திறப்பவர் யார் என்பது அவ்வளவு முக்கியம். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை.

கேள்வி: பேருந்திலோ ரயிலிலோ ஒருவரை நிறத்தைச் சொல்லித் திட்டுகிறார்கள். நான் தனி ஆள். என்ன செய்யலாம்?

பதில்: திட்டுபவரைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. திட்டு வாங்குபவர் தனியாக இல்லை என்று காட்டுவதுதான் வேலை. அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். 'அடுத்த நிறுத்தம் எது?' என்பது போல ஏதாவது சாதாரணமாகக் கேளுங்கள். திட்டுபவரைப் பார்க்காதீர்கள். பார்வையாளர் கிடைக்காத கோபம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

அது போதாது என்றால் ஓட்டுநர், நடத்துநர், காவலர் என்று பொறுப்பில் இருப்பவரை அழையுங்கள். கூட்டத்தைப் பார்த்து 'யாராவது உதவுங்கள்' என்றால் பலர் அசைய மாட்டார்கள். 'நீலச் சட்டை போட்டவரே, ஓட்டுநரிடம் போய்ச் சொல்லுங்கள்' என்று ஒருவரைச் சுட்டினால் அவர் அசைவார்.

வேறொருவர் ஏற்கெனவே உதவிக்கொண்டிருந்தால் மட்டும் வீடியோ எடுங்கள். பாதுகாப்பான தூரத்தில் நின்று, ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது 10 விநாடி ஆடாமல் பிடியுங்கள். தெருப்பெயர்ப் பலகையோ வண்டி எண்ணோ ஒரு முறை சட்டகத்துக்குள் வரட்டும். தேதி, நேரம், இடத்தை வாயால் சொல்லிப் பதியுங்கள். நேரலை வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் பதிவேற்றவும் வேண்டாம். தன் அவமானம் ஆயிரம் பேருக்குக் காட்சியாவதை அவர் விரும்பாமல் இருக்கலாம். வீடியோவை அவரிடம் கொடுங்கள். என்ன செய்வது என்று அவர் முடிவெடுக்கட்டும்.

நேரடியாகப் பேசுவதாக இருந்தால் கடைசியில் பேசுங்கள், ஒரே வாக்கியத்தில்: 'அவரை விட்டுவிடுங்கள், இப்படிப் பேசுவது தப்பு.' அதற்கு மேல் வாதம் வேண்டாம். பேசுபவர் குடித்திருந்தால், கையில் ஏதாவது வைத்திருந்தால், கூட்டமாக இருந்தால் அந்த ஒரு வாக்கியமும் வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு பாதிக்கப்பட்டவரிடம் 'பரவாயில்லையா? நான் கொஞ்ச நேரம் கூட இருக்கட்டுமா?' என்று கேளுங்கள். எதுவும் செய்ய முடியாமல் போனவர்கூட இதைச் செய்யலாம். வலித்தது வசவு மட்டும் இல்லை, சுற்றி இருந்த மௌனமும்தான் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வது வழக்கம்.

கேள்வி: என் பதிவுக்குக் கீழே இனவெறி வசவுகள் குவிகின்றன. உடனே பிளாக் செய்துவிட்டேன். சரிதானே?

பதில்: பிளாக் செய்வது சரி, ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் ஆதாரம், அடுத்து புகார், கடைசியில் பிளாக். பிளாக் செய்தபின் சில தளங்களில் அந்தக் கணக்கை நீங்கள் பார்க்கவே முடியாது. புகார் ஏற்கப்பட்டால் பதிவு நீக்கப்பட்டுவிடும். அப்புறம் காவல் நிலையத்துக்குப் போனால் காட்ட எதுவும் இருக்காது.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும்போது வசவு வரியை மட்டும் வெட்டி எடுப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. பயனர்பெயர், தேதி, நேரம், அது எந்தப் பதிவுக்கு வந்த பதில் என்பது எல்லாம் தெரிய வேண்டும். கணினியில் எடுத்தால் மேலே முகவரிப் பட்டையும் தெரியட்டும். '3 மணி நேரத்துக்கு முன்' என்று மட்டும் காட்டினால் அதைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முழுத் தேதி வரும். பெயரையும் படத்தையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதால், அந்தக் கமென்டின் லிங்க், கணக்கின் லிங்க் இரண்டையும் தனியாக நகலெடுத்து வையுங்கள். வசவுகள் நிறைய என்றால் மேலிருந்து கீழ்வரை மெதுவாக உருட்டி ஒரு திரைப்பதிவும் எடுங்கள். எல்லோரும் பார்க்கக்கூடிய பக்கம் என்றால், இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமித்துப் பாருங்கள்; எல்லாத் தளங்களையும் அது சேமிப்பதில்லை.

அசல் கோப்பில் எதையும் திருத்தாதீர்கள். வட்டம் போட வேண்டுமானால் நகலில் போடுங்கள். வழக்கறிஞருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்ப வேண்டாம், ஆவணமாக அனுப்புங்கள். படமாகப் போனால் தரம் சுருங்கும், கோப்போடு இருக்கும் தேதி விவரமும் போய்விடும். ஒரு தாளில் நாள், நேரம், தளம், கணக்கு, சொன்ன சொல், நீங்கள் செய்தது என்று வரிசையாகக் குறித்து வாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும் பத்து வசவுகள், அட்டவணையில் ஒரே ஆளின் தொடர் தொல்லையாகத் தெரியும்.

இதை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம்பிக்கையான நண்பரிடம் போனைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அதைப் படிப்பதே ஒரு காயம்.

கேள்வி: புகார் செய்தேன். 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்று சில நிமிடங்களில் பதில் வந்தது!

பதில்: அவ்வளவு வேகமாக வந்த பதில் பெரும்பாலும் இயந்திரத்தின் பதில்தான். தமிழிலும், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும் வருகிற வசவை இயந்திரங்கள் பிடிப்பது இன்னும் குறைவு. மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்துங்கள். பிரிவு தேர்வு செய்யும்போது 'பிடிக்கவில்லை', 'ஸ்பாம்' என்று போகாமல் 'வெறுப்புப் பேச்சு' என்பதையே தேர்ந்தெடுங்கள். தவறான பிரிவில் போட்ட புகார், தவறான விதியோடு ஒப்பிடப்பட்டுத் தள்ளுபடியாகும். எழுத இடம் இருந்தால் இரண்டு வரி போதும்: இந்தச் சொல்லின் பொருள் இது, இந்த இனத்தவரை இப்படி இழிவுபடுத்துகிறது. முழுக் கணக்கின் மீது ஒரு புகார் போடுவதைவிட, மிக மோசமான மூன்று நான்கு பதிவுகள் மீது தனித்தனியாகப் போடுவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்குக் கூடுதல் பிடி உண்டு. அங்கே டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தளம் தன் முடிவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். முடிவை எதிர்த்து ஆறு மாதம் வரை இலவசமாக முறையிடலாம். அந்த முறையீட்டை முழுக்க இயந்திரத்திடம் விடக் கூடாது. அதிலும் தீராவிட்டால், நீதிமன்றத்துக்கு வெளியே தகராறு தீர்க்கும் அமைப்பிடம் போகலாம். பலருக்கும் இந்தக் கடைசிப் படி இருப்பதே தெரியாது.

கேள்வி: இனவெறிக் கமென்டுக்குப் பதில் எழுதலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: எழுதலாம், எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ட்விட்டரில் இனவெறிப் பதிவு போட்ட 1,350 பேரிடம் மூன்று வகைப் பதில்களைச் சோதித்தார்கள்: நகைச்சுவை, 'உங்கள் வீட்டாரும் பார்ப்பார்கள்' என்ற வகை எச்சரிக்கை, பாதிக்கப்படுபவரின் வலியை உணரச் செய்தல். மூன்றாவது வகைக்குத்தான் சீரான பலன் தெரிந்தது. பலன் சிறியதுதான். ஆனாலும் சிலர் பதிவை நீக்கினார்கள், அடுத்த நான்கு வாரங்களில் அப்படிப்பட்ட பதிவுகளும் குறைந்தன. திட்டுபவரின் சொந்த இனத்தவராகவும் நிறையப் பேர் பின்தொடர்பவராகவும் தெரிகிற ஒருவர் கண்டித்தால் வசவு குறைகிறது என்று 2017இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. அதனால் திட்டு வாங்கும் சமூகத்தவரே எப்போதும் பதில் சொல்லட்டும் என்று விடுவது நியாயமும் இல்லை, பலனும் இல்லை. திட்டுபவரின் சொந்த இனத்து ஆள்தான் பேச வேண்டும்.

ஒரு பதில், அதிகம் போனால் இரண்டு. அத்தோடு நிறுத்துங்கள். வசவைத் திருப்பி எழுதாதீர்கள். கண்டிப்பதற்காக அதே பதிவைப் பகிராதீர்கள். எதற்காகப் பகிர்ந்தீர்கள் என்று தளத்தின் அல்காரிதம் பார்ப்பதில்லை, நிறையப் பேர் தொட்டார்கள் என்று மட்டுமே கணக்கெடுக்கும்.

கேள்வி: போலிப் பெயர்க் கணக்குகளை ஒழித்தால் இது தீருமே?

பதில்: தீராது. யூரோ 2020 கால்பந்து இறுதிப்போட்டி 2021 ஜூலையில் நடந்தது. பெனால்டி தவறவிட்ட மூன்று கறுப்பின இங்கிலாந்து வீரர்கள் மீது வசவு கொட்டியது. அதற்காக நிரந்தரமாக நீக்கிய கணக்குகளில் 99 சதவீதம் அடையாளம் காணக்கூடியவர்களுடையவை என்று ட்விட்டர் பின்னர் சொன்னது. கூச்சம் போன பிறகு முகமூடி எதற்கு? ஒடுக்குமுறை நாடுகளில் உண்மை பேசுபவர்களுக்கும் புனைபெயர் வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இனவெறிக்கென்றே நடக்கும் இடங்களை மூடுவதற்குப் பலன் உண்டு. ரெட்டிட் என்ற விவாதத் தளம் 2015இல் வெறுப்புப் பேச்சு மிகுந்த சில குழுக்களை மூடியது. தளத்திலேயே தொடர்ந்த பயனர்களிடம் வெறுப்புச் சொற்கள் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சரிந்தன என்று ஓர் ஆய்வு கண்டது. வேறு தளங்களுக்குப் போனவர்களை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை.

கேள்வி: கருத்துச் சுதந்திரம் எங்கே முடிகிறது?

பதில்: நாட்டுக்கு நாடு கோடு வேறு. ஜெர்மனியில் ஒரு மக்கள் குழுவுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டினால் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கமும் அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் தூண்டுதல் குற்றமாகும். 2012இல் ஐ.நா. உருவாக்கிய ரபாத் செயல்திட்டம் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் அந்தஸ்து, நோக்கம், சொன்ன விதம், எத்தனை பேரைச் சென்றடைந்தது, தீங்கு விளையும் வாய்ப்பு. திண்ணையில் முனகியவரும், லட்சம் பேர் முன்னால் மைக் பிடித்தவரும் ஒன்றில்லை. இதைப் பொருத்திப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். தளத்தின் விதி இதிலிருந்து தனி; சட்டப்படி குற்றமில்லாத பதிவையும் தளம் நீக்கலாம்.

கேள்வி: '88' என்று மட்டும் எழுதுகிறார்களே, என்ன அர்த்தம்?

பதில்: ஆங்கில அகரவரிசையின் எட்டாவது எழுத்தான H-ஐ இரண்டு முறை எண்ணால் எழுதியது. ஹிட்லரை வாழ்த்தும் கோஷத்தின் சுருக்கம். யூதர் ஒருவரின் பெயருக்கு இருபுறமும் மூன்று மூன்று அடைப்புக்குறி போடுவதும் இதே மாதிரி வெறுப்புக் குறிதான். 2016இல் அது பரவலாக வெளியே தெரிந்தது. ஆனால் 88இல் பிறந்தவர்களும் கணக்குப் பெயரில் 88 வைப்பார்கள். ஒரு குறியை மட்டும் வைத்து யாரையும் முத்திரை குத்தாதீர்கள், கூட இருக்கும் மற்ற பதிவுகளையும் பாருங்கள்.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா இனவெறி ஃபார்வர்டுகள் போடுகிறார். மரியாதை கெடாமல் எப்படிச் சொல்வது?

பதில்: முதல் முறை தனியாகச் சொல்லுங்கள். 'பெரியப்பா, நீங்க அனுப்பின வீடியோல இருக்கிறது வேற நாட்டுல நடந்தது, பழசு. அதுல திட்டுற ஆளுங்க மாதிரியே என் கூட வேலை பாக்குறவங்க இருக்காங்க. குழுவுல இருந்து எடுத்துடுங்களேன்.' வீடியோ பழையதா என்று முதலில் நீங்கள் சரிபாருங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கி, கூகுள் லென்ஸில் தேடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மறுபடி வந்தால் குழுவிலேயே ஒரே வரி: 'இந்த மாதிரி இங்க வேண்டாம் பெரியப்பா.' அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. குழுவில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் அந்த வரியையும் படிப்பார்கள்.

கேள்வி: பள்ளியில் என் பெண்ணின் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள்.

பதில்: 'நீ என்ன செய்தாய்?' என்று தொடங்காதீர்கள். தப்பு தன்னுடையது என்று குழந்தை நினைத்துவிடும். முழுக்கக் கேளுங்கள். சொன்ன சொல்லை அப்படியே, நாள், இடம், பக்கத்தில் இருந்தவர்களோடு அன்றைக்கே எழுதி வையுங்கள். பள்ளிக்கு வாய்மொழியாகச் சொன்னது காற்றோடு போகும், கடிதமாகக் கொடுங்கள். அதில் மூன்று கேள்வி இருக்கட்டும்: விசாரணையில் என்ன தெரிந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் பதில் தருவீர்கள். 'பிள்ளைங்க விளையாட்டு' என்றால், அந்தச் சொற்களையும் தேதியோடு குறித்துக்கொண்டு அடுத்த நிலை அதிகாரிக்கு எழுதுங்கள். கேலி செய்த குழந்தையை நீங்களே நேரில் கண்டிக்கப் போகாதீர்கள்; பிரச்சினை திசைமாறி, உங்கள் மீதே புகார் வரும். நிறம் மாறப் பூசும் எதையும் வீட்டில் யாரும் அவளிடம் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.