மகனுக்காகப் போலீசைக் கூப்பிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. மூன்று வருடங்களுக்கு முன் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய் எனச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத் தேறி வேலைக்கும் போனான். இப்போது நான்கு மாதமாக மாத்திரை சாப்பிடுவதில்லை. சாப்பாட்டில் விஷம் கலக்கிறோம் என்கிறான், ராத்திரி முழுக்கத் தனியாகப் பேசுகிறான். போன வாரம் அவன் அப்பாவைத் தள்ளிவிட்டதில் அவருக்குக் கையில் அடி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறான். போலீசைக் கூப்பிடச் சொல்கிறார் என் தம்பி. அடிப்பார்களோ, கேஸ் ஆகிவிடுமோ என்று என் கணவர் பயப்படுகிறார். என்ன செய்வது? (ஒரு தாய், பெரம்பூர்)

பதில்: அம்மா, கூப்பிடலாம். மகன் கத்தியை எடுத்தாலோ, யாருடைய கழுத்தையாவது நெரித்தாலோ, சமையல் கேஸைத் திறந்துவிட்டாலோ, தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தாலோ யோசிக்கவே கூடாது. நீங்கள் இருவரும் முதலில் வீட்டைவிட்டு வெளியே வந்து 100 அல்லது 112-ஐ அழையுங்கள். அவரை மடக்கிப் பிடிக்க உங்கள் கணவர் முயல வேண்டாம். தற்கொலைக்கு முயன்றதற்காகத் தண்டிப்பார்களோ என்றும் பயப்பட வேண்டாம். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

உங்கள் கணவரின் பயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். எல்லாக் காவலர்களும் இந்த நோயை அறிந்தவர்கள் அல்லர். ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 100-ஆவது பிரிவைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. அதாவது போலீஸ் வருவது அவரைப் பத்திரமாக மருத்துவரிடம் சேர்க்க.

அதனால்தான் போனில் முதலில் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். "பையன் அப்பாவை அடிச்சுட்டான்" என்று ஆரம்பித்தால் அது அடிதடிப் புகார் ஆகிவிடும். "என் மகனுக்கு மனநோய், சிகிச்சையில் இருந்தவன், மாத்திரையை நிறுத்திவிட்டான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவி வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். கையில் ஆயுதம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பழைய சீட்டுகளையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடவே போங்கள். முடிந்தால் இந்த வாரமே, வீடு அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், தம்பியை அழைத்துக்கொண்டு உங்கள் ஏரியா ஸ்டேஷனுக்குப் போய் நிலைமையைச் சொல்லி வையுங்கள். வரவேண்டி வந்தால் யூனிஃபார்ம் இல்லாமல் வர முடியுமா என்றும் கேளுங்கள். தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று நம்புகிறவருக்குக் காக்கிச் சட்டை அந்தச் சதியின் சாட்சியாகத் தெரியும்.

சரி, அந்த அளவுக்கு இன்னும் போகவில்லை என்றால்? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், தாண்டவில்லை. இந்த நாட்களை வீணாக்காதீர்கள். மகன் வராவிட்டாலும் நீங்கள் இருவரும் ஓ.பி.க்குப் போய் மருத்துவரிடம் பேசலாம். உங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை பக்கம்தான். நடுராத்திரியில் யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

அவரைச் சேர்க்க எஃப்.ஐ.ஆரோ கோர்ட் உத்தரவோ வேண்டியதில்லை. அவர் வேறு யாரையும் பிரதிநிதியாக எழுதிக்கொடுக்கவில்லை என்றால் உறவினர் என்ற முறையில் அவரைச் சேர்க்கச் சொல்லி நீங்களே எழுதிக்கொடுக்கலாம். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பார்த்து, அவசியம் என்று இருவரும் சொன்னால், முதலில் 30 நாள் வரை அவர் சம்மதம் இல்லாமலும் வைத்துச் சிகிச்சை தரலாம். அப்பாவைத் தள்ளிவிட்டது அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயம். குடும்ப மானம் என்று மறைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாம்பாரிலோ காபியிலோ மாத்திரையைப் பொடித்துக் கலக்காதீர்கள். தவித்துப்போன பெற்றோர் பலர் இதைச் செய்கிறார்கள். அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மகனின் சந்தேகமே சாப்பாட்டின் மேல்தான். ஒருநாள் கசப்பு தெரிந்து அவர் கண்டுபிடித்துவிட்டால், நோய் சொன்ன பொய்யை நீங்களே உண்மையாக்கிவிடுவீர்கள். அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார். அவர் விரும்பினால் தானே போட்டுச் சாப்பிடட்டும், மூடிய பாட்டில் தண்ணீர் குடிக்கட்டும். விஷம் இல்லை என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். "தூக்கமே இல்லாமல் கஷ்டப்படுகிறாயே கண்ணா, தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். நோய் இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளாதவர்கள்கூடத் தூக்கத்துக்காக வருவதுண்டு. உங்களைவிட அவர் நம்பும் நண்பர் யாராவது இருந்தால் அவர் கேட்கட்டும். தினசரி மாத்திரைதான் சிக்கல் என்றால் மாதம் ஒருமுறை போடும் ஊசிகளும் உண்டு. மருத்துவரிடம் கேளுங்கள்.

"போலீசைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டுவதற்காக மட்டும் சொல்லாதீர்கள். அதேபோல், வேனில் வந்து கைகாலைக் கட்டித் தூக்கிப்போகும் ஆட்களிடமும் ஒப்படைக்காதீர்கள். எந்த இல்லமாக இருந்தாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். சங்கிலியால் கட்டிவைப்பது சட்டப்படியே தடைசெய்யப்பட்டது.

ஒருவேளை போலீஸ் வந்துதான் கொண்டுபோக வேண்டியிருந்தால், தேறிய பிறகு மகன் உங்கள்மேல் கோபப்படுவார். பேசவிடுங்கள், குறுக்கே நியாயம் சொல்ல வேண்டாம். அப்புறம் ஒரு நாள், மறுபடியும் இப்படி ஆனால் என்ன செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். எந்த மருத்துவர், எந்த மருந்து, தனக்காக முடிவெடுப்பவர் யார் என்பதையெல்லாம் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை அதே சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. போலீசுக்கு முன்னால் மாமாவைக் கூப்பிடுங்கள் என்று அவர் சொன்னால், உங்கள் தம்பியின் நம்பரை முதலில் எழுதுங்கள்.