கிரியேட்டினின் ஏறியதென்று குளிசையை நிறுத்தாதீர்கள்

தம்பி, உப்புவெளியில் இருக்கும் அப்பாவுக்கு, நீரிழிவுக்கும் சிறுநீரக நோய்க்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின் குளிசை தொடங்கிய பிறகு கிரியேட்டினின் (சிறுநீரகம் இரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவு) கொஞ்சம் ஏறிவிட்டது, நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த மருந்து சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. அதனால் ஆரம்பத்தில் அப்படிச் சற்று ஏறுவது வழக்கம்தான். இந்தக் குளிசையைச் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்து 2020இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் 4,304 பேர் இருந்தார்கள். சிறுநீரகம் மோசமாவது, அதனாலோ இதயநோயாலோ இறப்பது, எல்லாம் சேர்த்து, போலிக் குளிசை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு 39 சதவீதம் குறைந்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. எவ்வளவு ஏறியது என்று மட்டும் கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.

எனக்குக் கவலை அப்பாவின் கந்தசஷ்டி உபவாசம்தான். சாப்பிடாமல் இந்தக் குளிசையைப் போட்டால், சீனி அளவு சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஆபத்தாக ஏறலாம். விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்தாலும் உடனே கேளுங்கள்.