மேலே போடுவதா, துடைத்துவிட்டுப் போடுவதா?

கணினி மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 71. 2017 தொடக்கத்தில் வாங்கிய மடிக்கணினி, விண்டோஸ் 10. ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. மகன் "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கப்பா" என்கிறான். எதிர்வீட்டு நண்பர் "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்கிறார். ஒரு கடையில் கேட்டேன். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸ் 11 போட்டுத் தர 180 வெள்ளி ஆகுமாம். நான் செய்வதெல்லாம் வங்கிக் கணக்கு, மத்திய சேமநிதிக் கணக்கு பார்ப்பது, பேரனுடன் வீடியோவில் பேசுவது, எங்கள் சங்கத்துக்குக் கடிதமும் கூட்டக் குறிப்பும் எழுதுவது, அவ்வளவுதான். 1998 முதல் தமிழில் தட்டிய கோப்புகள் அத்தனையும் இதில்தான் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்கிறார், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் "சுத்தமாகத் துடைத்துவிட்டு" என்ற இடத்தைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மடிக்கணினியைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஐ5-7200யு என்று இருக்கிறது. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 7, அதாவது இன்டெலின் ஏழாம் தலைமுறைச் சில்லு. ஓரிரு விலக்குகளைத் தவிர, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. மடிக்கணினிகளுக்கான எட்டாம் தலைமுறைச் சில்லு அதே 2017 ஆகஸ்டில் வெளிவந்தது. சில மாதம் பொறுத்து வாங்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. யாருக்குத் தெரியும் அப்போது!

பட்டியலில் இல்லாத கணினியில் கடைக்காரர் எப்படிப் போடுவார்? சோதனையைத் தாண்டிக் குதிக்க வழிகள் இருக்கின்றன. போட்டால் ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குப் பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நாம் விண்டோஸ் 11க்குப் போவதே அந்த மேம்பாடுகளுக்காகத்தான். அது நிச்சயமில்லாத ஒன்றுக்கு 180 வெள்ளி எதற்கு? கொடுக்காதீர்கள்.

சரி, நண்பர் சொல்வதுபோல் அப்படியே விட்டுவிடலாமா? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்காக மறுநாள் காலையில் கணினி நின்றுவிடவில்லை, உங்களுக்கே தெரியும். நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த ஓட்டையடைப்பு, அதாவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மேம்பாடு. 2017 மே மாதம் வானாகிரை என்ற தீநிரல் உலகத்தையே ஆட்டிவைத்ததே, பிரிட்டனில் மருத்துவமனைகள்கூட முடங்கினவே, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைப்பு வெளியிட்டிருந்தது. அதைப் போடாதவர்கள் மாட்டினார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினிக்கு அந்த அடைப்பு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நல்லவேளை, உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு மேம்பாடு தருகிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் காசு இல்லை. இல்லையென்றால் 30 அமெரிக்க வெள்ளி அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம். ஒரே கணக்கில் பத்துக் கணினிகள்வரை சேர்க்கலாம். இன்றே சேர்ந்துவிடுங்கள். ஆக, மகன் சொல்வதும் சரிதான், ஆனால் இந்த வாரமே ஓட வேண்டியதில்லை. அக்டோபருக்குள் வாங்கினால் போதும். (விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போடலாமே என்று நாலு பேராவது எனக்கு எழுதுவீர்கள். போடலாம், நானே போட்டிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு அச்சுப்பொறி மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்குப் பதில் இருக்கும் வீடுகளில் மட்டும்.)

இப்போது அந்தத் துடைக்கிற விஷயம்.

2003இல் தோ பாயோவில் என் பெரியப்பாவின் கணினியை நான் துடைத்தேன். விண்டோஸ் 98 இருந்தது, எக்ஸ்பி போட்டேன். புத்திசாலிபோல முதலில் மை டாக்குமென்ட்ஸ் முழுவதையும் வட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு கோப்புகூட விடவில்லை. மறுநாள் காலை போன்: "என்னம்மா பண்ணி வச்சிருக்கே?" போய்ப் பார்த்தால், அவர் நாளிதழுக்கு எழுதிய கடிதம் திறந்திருக்கிறது. மேலே புளோக் எண் சரியாக இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, தேதி இருக்கிறது. நடுவில் தமிழ் இருந்த இடமெல்லாம் தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டுக் குறி, பதிப்புரிமை வட்டம். ஐந்து வருட எழுத்து.

கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துரு போய்விட்டது. அது மை டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை, விண்டோஸ் உறைக்குள் (ஃபோல்டர்) ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கிறது. அதை நான் துடைத்துவிட்டேன். நிறுவும் நெகிழ்வட்டு பெரியப்பாவின் அலமாரியில் இருந்தது, நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்து. சிராங்கூன் சாலைப் பக்கம் அவருடைய நண்பர் ஒருவரிடமிருந்து அதே எழுத்துரு கிடைக்க மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் பெரியப்பா என்னோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் பெரியம்மா வழியாகத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் இரவல் வீட்டில் குடியிருந்தவை. ஐரோப்பிய எழுத்துகளுக்கென்று ஒதுக்கிய எண்களில் அகரத்தின் வடிவத்தையும் ககரத்தின் வடிவத்தையும் உட்கார வைத்தார்கள். கோப்பில் இருப்பது எண் மட்டும். எழுத்துரு இருந்தால் அது தமிழ், இல்லாவிட்டால் பிரெஞ்சோ ஜெர்மனோ போல ஏதோ ஒன்று. அதுவும் ஆளுக்கொரு குறியீடு: திஸ்கி, டாப், டாம், பாமினி. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவென்று கூடிய பெரிய கூட்டம் ஒன்று நம் ஊரில்தான் நடந்தது, 1997 மே மாதம், தமிழ்நெட் 97 மாநாடு. அதற்கும் முன்பே இங்கே கணியன் என்ற தமிழ் முறையை உருவாக்கியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. இப்போது எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் தமிழுக்குச் சொந்த எண்கள் இருப்பதால் புதுக் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் 1998ஆம் ஆண்டுக் கோப்புகளுக்குக் கட்டாயம் இருக்கும்.

எனவே எந்தக் கடையிலும் நீங்கள் கேட்க வேண்டியது, "மேலே போடுகிறீர்களா, துடைத்துவிட்டுப் போடுகிறீர்களா?" பழையதன் மேலேயே போட்டால் கோப்பும் எழுத்துருவும் நிரல்களும் இருந்த இடத்தில் இருக்கும். துடைத்துவிட்டுப் போட்டால் நீங்கள் எடுத்து வைத்தது மட்டும்தான் மிஞ்சும். புதுக் கணினி வாங்குவதும் இந்த வகையில் துடைத்துப் போடுவது மாதிரிதான்.

சீனப் புத்தாண்டுக்கு மகன் இரண்டு நாள் வீட்டில் இருப்பார் அல்லவா? பக்கத்தில் உட்கார வையுங்கள். பழைய கோப்பு ஒன்றை வேர்டில் திறந்து, தமிழ் வரிமேல் சுட்டியை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருள்ள கோப்பை ஃபான்ட்ஸ் உறையிலிருந்து எடுத்து, உங்கள் கடிதங்களோடு சேர்த்து வெளி வட்டில் ஒன்று, தம்ப் டிரைவில் ஒன்று என இரண்டு நகல் வையுங்கள். மிக முக்கியமான கடிதங்களை, எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கும்போதே, அச்சிடும் இடத்தில் அச்சுப்பொறிக்குப் பதிலாக பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்துச் சேமித்துவிடுங்கள். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னோடு கட்டிக்கொண்டு போகும், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். அதை எளிதில் திருத்த முடியாது, வாசிக்கலாம்.

திருத்தவும் வேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற நிரல்கள் இருக்கின்றன. எந்தக் குறியீட்டிலிருந்து என்று சரியாகச் சொன்னால்தான் சரியாக மாற்றும். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், கடிதத்துக்குள் இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழாக்கிக் குதறிவிடும். ஒரு பக்கத்தை மாற்றிப் பார்த்து, பழைய அச்சுப்படியோடு ஒப்பிட்டு வாசித்த பிறகு மற்றதைத் தொடுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

புதிதாகத் தட்டுவது பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸ் 11இல் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் கூடவே வருகின்றன. விரலுக்குப் பழகியது எதுவோ அதையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வீட்டில் துணைப்பாட வகுப்பு நடத்துகிறேன். 2021இல் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 11க்கு இலவசமாக மாறலாம் என்று பல மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கணவர் "நல்லா ஓடுறதை ஏன் நோண்டுறே?" என்கிறார். மாறலாமா?
(ஆசிரியை, பொங்கோல்)

பதில்: மாறுங்கள். கணினியே தகுதி இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிடும்போது, நீட்டித்த ஆதரவில் தொங்கிக்கொண்டிருக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் கணவரை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள். அவர் பயப்படுவது புதுசுக்காக அல்ல, திங்கட்கிழமை வகுப்பு நேரத்தில் திரை கறுத்துப் போவதற்காக. அது நியாயமான பயம். மார்ச் பள்ளி விடுமுறை வாரம் வருகிறதல்லவா, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு, கடைசி மாணவர் போன பிறகு, மின்கம்பியைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள். நாள் ஏன் சொல்கிறேன் என்றால், மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால் விண்டோஸ் 10க்கே திரும்பிப் போக பத்து நாள் அவகாசம் உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் இருக்கும். பத்து நாள் கழித்துப் பழையதை அதுவே அழித்துவிடும். விடுமுறை வாரத்தையும் வகுப்பு தொடங்கும் முதல் நாளையும் அந்தப் பத்துக்குள் அடக்கிவிட்டால், உண்மையான வேலையில் அது எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

அதற்கு முன் சில காரியங்கள். வட்டில் 30 ஜிபியாவது காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள் (இது என் கணக்கு, நெருக்கடியில் பாதியில் நின்ற கணினிகளைப் பார்த்து வந்த கணக்கு). பாடக் குறிப்புகளுக்கு வெளியே ஒரு நகல். வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அந்த 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். கணினிக்குள் சேமித்து வைப்பது, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டுவது. அச்சுப்பொறி பழையது என்றால் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் விண்டோஸ் 11க்கு டிரைவர் (அச்சுப்பொறியை இயக்கும் நிரல்) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கானதே பெரும்பாலும் வேலை செய்யும்.

மாறிய முதல் நாள் எரிச்சல் வரும். கீழ்ப்பட்டையில் எல்லாம் நடுவில் போய் உட்கார்ந்திருக்கும், செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளிவிடலாம். வலது சொடுக்கினால் வரும் பட்டியல் பாதியாகக் குறைந்திருக்கும், மீதியைக் காட்டச் சொல்லி இன்னொரு தடவை சொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் அது பிடிக்கவில்லை. வேர்ட்பேடில் எழுதும் பழக்கம் இருந்தால், 24எச்2 பதிப்பிலிருந்து அது இல்லை. அந்தக் கோப்புகள் வேர்டில் திறக்கும்.

கேள்வி: 2019இல் சிம் லிம் ஸ்குவேரில் பாகங்கள் வாங்கி நானே பொருத்திய கணினி. ரைசன் 5 3600 சில்லு. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்கிறது. ஏன்?
(பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தம்பி, சில்லு பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் 2.0 என்ற பகுதி அணைந்து கிடக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடு, போட்டுவிடு. நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் ‘செக்யூர் பூட்’ அமைப்பையும் பார். அது ஏற்க மறுத்தால் வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருக்கலாம். அதை மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது, நகல் எடுக்காமல் அதைத் தொடாதே.

கேள்வி: "உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, நாங்களே இங்கிருந்து மாற்றித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. அவர்கள் சொன்ன செயலியைப் போட்டு இரண்டு நிமிடம் திரையைக் காட்டினேன். அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸைத் திறக்கச் சொன்னதும் வைத்துவிட்டேன்.
(இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்)

பதில்: அம்மா, உங்களுக்கு அன்றே போனில் சொன்னதுதான், மற்றவர்களுக்காக இங்கே. மைக்ரோசாஃப்ட் யார் வீட்டுக்கும் இப்படி அழைப்பதில்லை. இணையத்தைத் துண்டியுங்கள், அந்தச் செயலியை நீக்குங்கள், வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள், வங்கிக்கு உடனே சொல்லுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799. சிங்பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் போனை வைத்தீர்களே, அங்கேதான் தப்பித்தீர்கள்.