பிளக்கில் கரி: மெயின் ஜெட்டை மாற்றும் முன்
வணக்கம் நண்பரே. சிங்கப்பூரில் தேக்காவுக்கும் ஈசூனுக்கும் இடையே சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓடும் உங்கள் பழைய பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் உலர்ந்த கரி படிவதால், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (திராட்டில் அகலத் திறந்திருக்கும்போது பெட்ரோலை அளந்துவிடும் துளை) சிறிதாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தொட வேண்டாம். நெரிசலில் படியும் கரி, ஐடிலிலும் குறைந்த திராட்டிலிலும் பெட்ரோலை அளந்துவிடும் பைலட் ஜெட்டின் கணக்கு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பப் பெட்ரோலைக் கூட்டும் சோக் முழுமையாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் பைக்கில் துருப்பிடித்த சோக் கேபிள் பாதியில் நின்றிருந்தது.

மெயின் ஜெட்டைச் சோதிக்க, புதிய பிளக்கைப் போட்டு, வெறிச்சோடிய சாலையில் தாழ்ந்த கியரில் திராட்டிலை முழுதாகத் திருகி ஓட்டி, கிளட்சைப் பிடித்தபடியே எஞ்சினை அணைக்க வேண்டும். ஐடிலில் ஓடவிட்டால் தடயம் மாறிவிடும். ஈயமில்லாப் பெட்ரோலில் பிளக்கின் பீங்கான் நுனி வெளுத்தே தெரியலாம், பதற வேண்டாம். அடியில், உலோகத்துக்குள் பீங்கான் இறங்கும் இடத்தில், உருப்பெருக்கியில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் பெட்ரோல்-காற்றுக் கலவை சரி.