டென்ஷனால் ஏறிய பிபிக்கு மாத்திரை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 44. வேலையில் நெருக்கடி அதிகம். போன வாரம் டாக்டரிடம் பார்த்தபோது ரத்த அழுத்தம் 156/98 இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். எல்லாம் டென்ஷனால் வந்தது, நாலு நாள் லீவு போட்டால் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். மாத்திரை போடாமல் இருக்கலாமா?

பதில்: நீங்கள் நினைப்பதில் பாதி சரி. மனம் பதறும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. பதற்றம் அடங்கினால் அதுவும் இறங்கிவிடும். டாக்டர் எதிரே உட்கார்ந்தாலே சிலருக்கு ஏறும். ஆனால் உங்களுக்கு நடந்தது அதுதானா என்பதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

மேல்கையில் பட்டை கட்டும் டிஜிட்டல் கருவி போதும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கையை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். பேச்சும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதி வையுங்கள். காலையிலும் மாலையிலுமாக ஒரு வாரம். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். படபடப்பு வரும்போதெல்லாம் பட்டையைக் கட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. எண்ணைப் பார்த்துப் பயம், பயத்தால் இன்னும் ஏற்றம் என்று அது போய்க்கொண்டே இருக்கும்.

சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் அந்தத் தாளுடன் டாக்டரிடம் பேசுங்கள். மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று அவர் சொல்வார். அதைத் தாண்டினால் அது டென்ஷன் கணக்கில் எழுதிவிடும் விஷயம் அல்ல. காரணம் எதுவானாலும், தொடர்ந்து உயர்ந்திருக்கும் அழுத்தம் மூளை, இதயம், சிறுநீரகம், கண் எல்லாவற்றையும் பாதிக்கும். அதுவும் வலியே காட்டாமல். 'நான் நிதானமான ஆள், எனக்கு எப்படி பிபி?' என்று கேட்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கிளினிக்கில் நார்மலாக இருந்து, மற்ற நேரங்களில் உயர்ந்திருக்கும் வகையும் உண்டு.

ஏற்கெனவே மாத்திரையைத் தொடங்கிவிட்டீர்களா? அப்படியானால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அழுத்தம் முன்பைவிட வேகமாக ஏறும்.

நெருக்கடியைக் குறைப்பதும் வேண்டியதுதான். நீண்ட நாள் மன அழுத்தம் சுற்றிவளைத்தும் தாக்கும்: தூக்கம் கெடும், நடை நிற்கும், கையில் கிடைத்த உப்பு நொறுக்கோ மதுவோ உள்ளே போகும், மாத்திரை மறந்துபோகும். மெதுவாக மூச்சு விடும் பயிற்சி அந்த நேரத்துக்கு அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். செய்யுங்கள், மாத்திரைக்கு மாற்றாக அல்ல. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, நாளுக்கு 5 கிராமுக்கு மிகாத உப்பு இரண்டும் அதைவிடப் பலன் தரும். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் அழுத்தத்தை ஏற்றும். அடிக்கடி வலி மாத்திரை போடும் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்.

அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் பலவீனம், பார்வை மங்கல் இவற்றில் ஏதாவது வந்தால் டென்ஷன் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.