ரிஸ்பாளின் கதையைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கிளிநொச்சியில் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறேன். சென்ற வாரம் கெட்ட குமாரன் உவமையைச் சொன்னபோது என் ஒன்பது வயது மகன் எழுந்து கேட்டான்: "அம்மம்மாவும் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். மாமா ஏன் வரவில்லை? அம்மம்மாவுக்கு விசுவாசம் போதாதா?" என் தம்பி போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவன்; பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா இன்றும் இரவில் அவனுக்கென்று ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறார். அது படையல், விசுவாசிகளுக்கு ஆகாது என்கிறார்கள் சிலர். நான் என்ன சொல்வது?

அன்புள்ள சகோதரி,

அம்மம்மாவின் விசுவாசத்தில் எந்தக் குறையும் இல்லை என்று மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மற்றவை பிறகு.

லூக்கா 15இல் இளைய மகன் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானாகவே போனான். பன்றி மேய்த்த இடத்தில் புத்தி தெளிந்து, தன் காலாலேயே திரும்பி நடந்தான். அவனை மறித்தவர் எவருமில்லை. உங்கள் தம்பிக்கு நடந்தது அதுவல்ல. மனந்திரும்பும் பாவியைத் தேவன் எப்படி ஏற்கிறார் என்று சொல்ல இயேசு அந்த உவமையைச் சொன்னார். காத்திருக்கும் ஒவ்வொரு தாயின் பிள்ளையும் வருவான் என்ற வாக்குறுதி அதில் இல்லை. இல்லாத வாக்குறுதியைப் பிரசங்கித்துவிட்டு, பிள்ளை வராதபோது பழியைத் தாயின் விசுவாசத்தில் போடுவது பெரும் கொடுமை.

உங்கள் வீட்டுக்கு உரிய கதை இரண்டாம் சாமுவேல் 21இல் இருக்கிறது. பிரசங்கங்களில் அதை நான் அதிகம் கேட்டதில்லை. தேசத்தில் மூன்று வருடப் பஞ்சம். முந்தைய ராஜா சவுல் கிபியோனியர் என்ற மக்களைக் கொன்ற பழியால் அது வந்தது. சவுலின் வீட்டார் ஏழு பேரைக் கிபியோனியர் கேட்கிறார்கள். தாவீது ராஜா ஒப்புக்கொடுக்கிறான். அவர்கள் மலையில் தூக்கிலிடுகிறார்கள். கொல்லப்பட்டவர்களில் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் மக்கள். அவள் பாறைமேல் இரட்டுத் துணியை விரித்து, அறுப்புத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட வேதத்தில் இல்லை. ஆனால் செய்தி ராஜாவின் காதுக்குப் போனது. ஒப்புக்கொடுத்த அதே ராஜாதான் எலும்புகளைச் சேர்ப்பித்தான். முன்பே போரில் இறந்திருந்த சவுலும் அவன் மகன் யோனத்தானும் முறையாக அடக்கம் பண்ணப்பட்டார்கள். கவனியுங்கள்: தேசத்துக்கான வேண்டுதலைத் தேவன் கேட்டது அதற்குப் பிறகுதான். ஏழு பேரைக் கொன்றவுடன் கேட்டதாக எழுதப்படவில்லை.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அமர்ந்த தாய்மாரில் நான் ரிஸ்பாளைக் காண்கிறேன். அவர்கள் கேட்டது ஒரு பதில். அதைக் கேட்பதும் ஜெபம்தான் என்று உங்கள் மகன் அறியட்டும்.

சோற்றுக் கோப்பையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லும் படையல் இறந்தவருக்கு வைப்பது. உங்கள் அம்மா தன் மகன் இறந்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லையே! என்ன நடந்தது என்று எவரும் அவருக்குச் சொல்லாத நிலையில், வேறு எவருக்கும் அவருடைய காத்திருப்பை முடித்துவைக்க உரிமையில்லை.

ரிஸ்பாளின் கதையில் தூக்கிலிட்ட பகுதியைப் பிள்ளையின் வயதுக்கு ஏற்பச் சுருக்கலாம். ஒப்புக்கொடுத்தவன் தாவீது என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். உங்கள் தம்பியைப் பற்றியும் சொல்லுங்கள். மாமாவைப் படத்தில் மட்டுமே கண்ட பிள்ளை அவன். மாமா என்ன விளையாடினான், எதற்குக் கோபப்பட்டான், எந்தக் கறிக்கு இன்னும் சோறு கேட்டான் என்பதையெல்லாம் அம்மம்மாவே சொன்னால் இன்னும் நல்லது.